ராத்திரியில்தான் ட்யூன் வருகிறது என்றால் தூக்கத்தை என்ன செய்வது?

பகலில் ஐ.டி. வேலை, காலை 7 மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வீடு அடங்கினதும் லேப்டாப்பையும் மிடி கீபோர்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் 3 மணி வரை போய்விடுகிறது. ட்யூன் அந்த நேரத்தில்தான் வருகிறது, சீக்கிரம் படுத்தால் பாட்டு நகரமாட்டேன் என்கிறது, படுக்காவிட்டால் மறுநாள் ஆபீஸில் மண்டை காய்கிறது. 4 மணி நேரத் தூக்கத்துக்கு உடம்பைப் பழக்கிவிட முடியுமா, இல்லை இந்த இசை வேலைக்கு வந்தால் எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தூக்கத்தைப் பற்றித்தான். ஆனால் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது, உங்களுக்கு ராத்திரியை விட்டுக்கொடுத்தால் பாட்டும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிசாக இருக்கிறது. நானும் அந்தப் பயத்தில் பத்து வருஷம் ஓட்டியவன் என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

நான் இருபத்திரண்டு வருஷமாக சவுண்ட் இன்ஜினியர். வடபழனி, சாலிகிராமம் பக்கம் அசிஸ்டென்டாக கேபிள் சுற்றி, டீ வாங்கிக் கொடுத்துத் தொடங்கினேன். இப்போது சொந்தமாக ஒரு சின்ன மிக்ஸிங் அறை, நாலு சுவர், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், அவ்வளவுதான். டாக்டர் கிடையாது. தூக்கத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் என் உடம்பு ஒரு தடவை படுத்தி எடுத்த பிறகுதான். அதனால் காது, மிக்ஸ், வேலை முறை பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், உடம்பு பற்றிச் சொல்வதைப் படித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழக்க முடியுமா என்பதை முடித்துவிடலாம். முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான ஆட்களைப் பிரித்து, சிலருக்கு தினம் 4 மணி, சிலருக்கு 6 மணி, சிலருக்கு 8 மணி நேரம் என்று 14 நாள் தூங்கவிட்டு தினமும் கவனத்தைச் சோதித்தார்கள். 4 மணி நேரக்காரர்கள் இரண்டு வாரம் முடிந்தபோது, இரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்கள் எப்படித் தடுமாறுவார்களோ அப்படித் தடுமாறினார்கள். 6 மணி நேரக்காரர்களும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனார்கள். இதில் என்னை உலுக்கியது வேறு. அவர்களிடம் தூக்கமாக இருக்கிறதா என்று கேட்டபோது முதல் சில நாள் ஆமாம் என்றார்கள், அப்புறம் அவர்கள் சொன்ன தூக்கக் கலக்கத்தின் அளவு பெரிதாக ஏறவில்லை. திறமை சரிந்துகொண்டே இருக்க, உணர்வு மட்டும் ‘பழகிவிட்டது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாம் 4 மணி நேரம் போதும் என்று சொல்லிக்கொள்வதும் இதே கதைதான். அளக்கிற கோலே வளைந்துபோனால் வளைவு எப்படித் தெரியும்?

இன்னொரு கணக்கு. 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதுக்குச் சமமாக இருந்தது. நம் ஊரில் வண்டி ஓட்ட சட்டம் விடுகிற அளவு 0.03 சதவீதம்தான், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 7 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது நள்ளிரவு 12 மணி. அதற்கு மேல் நீங்கள் வாசிக்கிற ஒவ்வொரு பாரும் (தாளத்தின் ஒரு சுற்று), எடுக்கிற ஒவ்வொரு முடிவும் கிட்டத்தட்ட இரண்டு பெக் போட்டவர் எடுத்த முடிவு. இரண்டு பெக்கில் ட்யூன் வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிலையில் மிக்ஸ் செய்யக் கொடுப்பீர்களா?

இதை என் வேலையிலேயே ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தேன். ஒரு கிராமியப் பாட்டு, தவில்தான் உயிர். வலந்தலை அடிகள் மொட்டையாகக் கேட்கிறது என்று ராத்திரி இரண்டே முக்காலுக்கு இக்யூவை (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கிற கருவி) திறந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிக்கொண்டே இருந்தேன். அரை டெசிபெல், ஒரு டெசிபெல், கொஞ்சம் அகலம் குறைத்து, மறுபடி ஏற்றி, இப்படி நாற்பது நிமிஷம். பக்கத்தில் இசையமைப்பாளர். கடைசியில் அவரே “இப்ப வந்திருச்சு, விட்டுருங்க” என்றார், எனக்கும் விரலில் மாட்டிய கூடு தோலில் படுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. காலையில் திறந்தால் அந்த இக்யூ முழு நேரமும் பைபாஸில், அதாவது வேலையே செய்யாமல் இருந்திருக்கிறது. ஒரு துளிகூட மாறவில்லை. இரண்டு பேரும் இல்லாததைக் கேட்டிருக்கிறோம். இது பகலிலும் நடக்கிற விஷயம்தான், இன்ஜினியர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். பகலில் ஐந்தாவது நிமிஷத்தில் ‘என்னடா இக்யூ விளக்கு எரியலையே’ என்று கண் கண்டுபிடித்துவிடும். ராத்திரி மூன்று மணிக்கு அந்தக் கண் தூங்கிப்போயிருக்கும், நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள்.

தூக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி வேலையில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் சத்தத்தின் அளவு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நீங்கள் மானிட்டரைக் குறைத்து வைத்துக் கேட்கிறீர்கள். மனிதக் காது குறைந்த சத்தத்தில் பேஸை, அதாவது கீழ் அலைவரிசையை, மிகக் குறைவாகத்தான் கேட்கும். 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள், இன்றும் ஒலி படிக்கிறவர்களுக்கு முதல் பாடம் அது. பேஸ் குறைவாகக் கேட்பதால் நீங்கள் கிக் டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் ஏற்றுவீர்கள். மறுநாள் நண்பர் காரில் போட்டால் கதவு அதிரும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் கதை தலைகீழ்: காது களைக்கக் களைக்கச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம், மேல் அலைவரிசை மங்கினது போல இருக்கும், டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டையும் குரலின் ‘ஸ’ ஓசையையும் கூட்டுவோம், காலையில் அது ஊசியாகக் குத்தும். காதுக்கு 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு அமைப்பு ஒன்று சொல்லும் வரம்பு. அப்படியானால் 94இல் ஒரு மணி நேரம்தான். நான் இதை முப்பது வயதில் கவனிக்கவில்லை. இப்போது இடது காதில் மெல்லிய ரீங்காரம் ஒன்று நிரந்தரக் குடித்தனம் நடத்துகிறது.

சரி, அப்படியானால் ராத்திரியில் ட்யூன் நன்றாக வருவது பிரமையா? அதுவும் இல்லை, வருகிறதுதான். ஏன் வருகிறது என்பதில்தான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கிறது. உறுதியானது: சிலர் இயற்கையிலேயே ராத்திரி ஆட்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, உடம்புக் கடிகாரம் மனிதருக்கு மனிதர் தள்ளிப்போகும், பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு, இருபது வயது வாக்கில் உச்சத்துக்குத் தள்ளிப்போய் அப்புறம் வயதாக ஆக முன்னே வரும். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று ஈயின் மரபணுவில் கண்டுபிடித்ததற்குத்தான் 2017இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஆகவே ‘பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால் எல்லாம் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அகார சாதகத்துக்கு நாலு மணிக்கு எழுப்பிவிட்ட குருமார்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் எட்டரை மணிக்கே விளக்கை அணைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தேகமானது: களைத்த மூளைதான் கற்பனைக்கு நல்லது என்கிற பேச்சு. 2011இல் ஒரு ஆய்வு, மாணவர்கள் தங்களுக்கு உகந்ததல்லாத நேரத்தில், அதாவது காலை ஆள் மாலையிலும் மாலை ஆள் காலையிலும், சட்டென்று பொறி தட்ட வேண்டிய புதிர்களைக் கொஞ்சம் நன்றாகவே அவிழ்த்தார்கள் என்று காட்டியது. காவல் தளர்ந்தால் எண்ணம் சுற்றித் திரியும் என்பது விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவை வார்த்தைப் புதிர்கள், பல்லவி இல்லை. அதைக் கவனித்துப் படித்தால், உங்களைப் போன்ற ராத்திரி ஆளுக்கு அது பரிந்துரைக்கிற நேரம் காலைதான், ராத்திரி இல்லை! இதைச் சொல்லி ராத்திரி உட்காருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

என் அனுபவத்தில் ராத்திரியின் மகிமையில் முக்கால்வாசி, யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான். போன் அடிக்காது, வாட்ஸ்அப் வராது, கேஸ் சிலிண்டர் வராது, ‘ஒரு நிமிஷம் இங்க வாயேன்’ வராது. நாளைக்கு வேலை இருக்கிறது என்ற பொறுப்பையும் கொஞ்ச நேரம் ஏமாற்றியிருப்போம். இருட்டுக்கும் இசைக்கும் ஏதோ ரகசிய உடன்படிக்கை இருப்பதாக நானும் நம்பியிருந்தேன். ஊரடங்குக் காலத்தில், பகலிலும் யாரும் கூப்பிடாத சில வாரங்கள் கிடைத்தன. காலை பத்து மணிக்கு வேலை சரசரவென்று ஓடியது. அன்றைக்கு என் நம்பிக்கையில் கீறல் விழுந்தது.

இந்த இடத்தில் எல்லாரும் சொல்கிற இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. இளையராஜா காலை 7 மணிக்கு ஸ்டூடியோவில் இருப்பார், கோடம்பாக்கத்தில் அதை வைத்துக் கடிகாரமே திருத்தலாம். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார், ராத்திரிதான் அவருடைய நேரம், பாடகர்களுக்கு நடுராத்திரியில் அழைப்பு போன கதைகள் ஊரறிந்தவை. ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று இதிலும் சண்டை போடுவார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். வயலின்காரர்கள் வரிசையாக, தபேலா, புல்லாங்குழல், கோரஸ் எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டியிருந்த காலத்தில் கால்ஷீட் பகலில்தான் போட முடியும். அத்தனை பேரை ராத்திரி இரண்டு மணிக்கு யார் கூட்டிவருவது? சீக்வென்ஸரும் சாம்ப்ளரும் கம்ப்யூட்டரும் வந்து, ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்காக அடுக்கலாம் என்று ஆன பிறகுதான் ராத்திரி திறந்தது. (கோயில் நாகஸ்வரக்காரர்கள் விதிவிலக்கு. சுவாமி புறப்பாட்டுக்கு விடிய விடிய வாசித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் மறுநாள் காலை 9.30 மணிக்கு மீட்டிங்கில் உட்காரவில்லை.) ஆக, ராத்திரி வேலை என்பது கருவி கொடுத்த ஒரு வசதி. நீங்கள் இந்த இரண்டு பேரில் யாரைப் பின்பற்றினாலும் சரி, ராத்திரி உழைக்கிறவர் பகலில் தூங்கியாக வேண்டும். உங்களுக்கு அந்தப் பகல் இல்லை. உங்கள் பிரச்சினை இந்தக் கூட்டல் கழித்தலில்தான் இருக்கிறது.

தூக்கம் இசையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற நேரம் என்று நினைக்கிறோமே, அதுவும் முழுக்கச் சரியில்லை. 2002இல் வெளிவந்த ஒரு சோதனையில் விரலால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்கள், பகல் முழுக்க விழித்திருந்துவிட்டுத் தட்டியபோது பெரிதாக முன்னேறவில்லை, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து தட்டியபோது ஏறக்குறைய 20 சதவீதம் வேகம் கூடியிருந்தது. அதில் ஒரு பங்கு வெறும் களைப்பு தீர்ந்ததால் வந்தது என்று பின்னால் சிலர் வாதிட்டார்கள், அதனால் 20 என்ற எண்ணைக் கல்லில் வெட்ட வேண்டாம். ஆனால் கீபோர்டில் ராத்திரி சிக்கிய ஒரு ரன் (வேகமான சுர வரிசை) காலையில் கையில் சரளமாக உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1993இல் எரிக்சன் என்பவர் பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்துதான் பத்தாயிரம் மணி நேர சாதகம் என்ற பேச்சே உலகமெங்கும் பரவியது. அதே ஆய்வில் சிறந்த மாணவர்கள் நாளுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள், மதியத்திலும் படுத்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் பாதியை ஊரில் யாரும் பரப்பவில்லை.

அப்புறம் அந்த அரைத்தூக்கம். 2021இல் பாரிஸில் ஒரு குழு, எண் புதிர் ஒன்றைக் கொடுத்துவிட்டு 20 நிமிஷம் கண்ணை மூடிச் சாயச் சொன்னது, கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு (தூக்கம் ஆழமானால் அது விழுந்து எழுப்பிவிடும்). தூக்கத்தின் முதல் படியில் வெறும் 15 வினாடி இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் புதிருக்குள் ஒளிந்திருந்த குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம், ஆழமாகப் போனவர்களில் 14. மறுபடியும் சொல்கிறேன், எண் புதிர், இசை இல்லை. ஆனால் தலையணையில் தலை வைத்ததும் இடையிசை ஒன்று தானாக வந்து நிற்குமே, அந்த நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று நம்ப இது போதும். போனில் வாய்ஸ் ரெக்கார்டரை முகப்பிலேயே வையுங்கள், விளக்குப் போடாமல் முனகிவிட்டுத் திரும்பிப் படுங்கள். பால் மெக்கார்ட்னிக்கு ‘யெஸ்டர்டே’ மெட்டு கனவில் வந்தது, எழுந்து பியானோவில் வாசித்தும் நம்பாமல், இது வேறு யாருடைய பாட்டோ என்று வாரக்கணக்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நம் முனகல்களில் பத்துக்கு எட்டு, நிஜமாகவே வேறு யாருடைய பாட்டாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம். நான் செய்தது முதலில் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன்: எத்தனை மணிக்கு என்ன செய்தேன், அதில் கடைசிப் பாட்டில் எது மிஞ்சியது. 11 முதல் 12.15 வரை மெட்டு, கார்டு, பேஸ் லைன், எல்லாம் அதில்தான். 12.15 முதல் 1 மணி வரை ஏதோ கொஞ்சம். 1 மணியிலிருந்து 3 மணி வரை என்ன இருந்தது தெரியுமா? ஸ்நேர் டிரம் சத்தத்துக்கு சாம்பிள் தேடியது. ஒன்றைப் போட்டு, அடுத்ததைப் போட்டு, முதலாவதற்கே திரும்பியது. புதுப் பிளகின் (இசை மென்பொருளில் சேர்க்கிற கருவி) விமர்சன வீடியோ ஒன்று. எட்டு பார் லூப்பை நூறு தடவை கேட்டுத் தலையாட்டியது. வேலை செய்த மயக்கம் அது, வேலை இல்லை. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், அதனால்தான் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் 4 மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் சரக்கு என்று தெரிந்துவிட்டால் மீதி இரண்டரை மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுப்பதில் மனசு அடித்துக்கொள்ளாது.

அடுத்து, உருவாக்குகிற வேலையையும் தீர்ப்புச் சொல்கிற வேலையையும் பிரியுங்கள். ராத்திரி உங்களுக்கு ஒத்துவருகிறதா, மெட்டையும் வரியையும் கார்டையும் ராத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பியானோ சத்தம் ஒன்று, ஒரு டிரம் கிட், ஒரு பேஸ், இவ்வளவு உள்ள டெம்ப்ளேட்டைத் திறந்தால் போதும், சவுண்ட் தேடுவது தடை. இக்யூ, கம்ப்ரெஷன், லெவல், ‘இந்தப் பாட்டு தேறுமா தேறாதா’ என்கிற கேள்வி, எதையாவது டெலிட் செய்வது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு. முக்கியமாக டெலிட். விடியற்காலை 4 மணிக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று சுத்தம் செய்யப்போய், ஒருவர் மூன்று மணி நேரம் வாசித்த வயலின் டேக்குகளை ஒட்டுமொத்தமாக அழித்தவன் நான். பேக்கப்பும் அதே டிஸ்க்கில். “சார், டிஸ்க் க்ராஷ் ஆயிடுச்சு” என்று பொய் சொல்லி மறுபடி வரவழைத்தேன். முதல் தடவை வாசித்த அந்தக் கமகம் இரண்டாம் தடவை வரவில்லை, அது எனக்கும் அவருக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் பேசவில்லை.

முடிக்கிற நேரத்தை முன்கூட்டியே வைக்க வேண்டும், பாட்டு முடிந்ததும் எழுந்துகொள்ளலாம் என்றால் பாட்டு முடியாது. 7 மணிக்கு எழுபவருக்கு 7 மணி நேரத் தூக்கம் என்றால் 12 மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். 11 மணிக்குத்தான் வீடு அடங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் வாரத்தில் இரண்டு நாள் 9 முதல் 11 வரை கதவைச் சாத்திக்கொள்ள வீட்டில் பேசி வாங்குங்கள், அதற்குக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் ராத்திரியைத் திருடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் 12.30 வரை போகலாம், மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். வாரம் ஐந்து நாள் 3 மணி என்பது மட்டும் வேண்டாம். எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை தூங்கினால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கள் காலை துபாயிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் மாதிரி இருப்பீர்கள்.

படுத்த பிறகும் அந்த எட்டு பார் தலைக்குள் சுற்றுமே, அதற்கு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 2021இல் வந்த ஆய்வு ஒன்று, படுக்கும் முன் கேட்ட பாட்டு தூக்கத்துக்குள்ளும் சுற்றுகிறது என்றும், பாடல் வரி இல்லாத வாத்திய வடிவம் வரியோடு உள்ளதைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்தது என்றும் காட்டியது. நாம் கேட்பதோ வரியே இல்லாத ஒரு லூப், அதுவும் நூறு தடவை. அதனால் கடைசி இருபது நிமிஷம் மானிட்டர் அணைந்திருக்கட்டும். அதே பல்கலைக்கழகத்தில் 2018இல் செய்த இன்னொன்று: படுக்கும் முன் 5 நிமிஷம், நாளை செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். 57 பேர் கொண்ட சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வைத்தியம். ‘சரணத்தில் இரண்டாம் வரி மேலே போகணும், இடையிசைக்குப் புல்லாங்குழலா நாதஸ்வரமா, பேஸ் நிறைய’ என்று எழுதிவைத்துவிட்டால் மூளை அதைப் பிடித்துக்கொண்டு தொங்காது. பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவதும் சுலபம்.

காபிக்கு ஒரு வரி: உடம்பில் போன காஃபீனில் பாதி கரைய சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 10 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி போட்டால் 3 மணிக்குப் பாதி டம்ளர் உள்ளே இருக்கிறது. திரை வெளிச்சத்தைப் பற்றி ஊரில் பயமுறுத்துகிற அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. 2014இல் வந்த பிரபலமான சோதனையில் 12 பேர், படுக்கும் முன் 4 மணி நேரம் முழு வெளிச்சத்தில் டேப்லெட்டில் படித்தும் தூங்க ஆன தாமதம் 10 நிமிஷம் போலத்தான். அதனால் மஞ்சள் கண்ணாடிக்குக் காசு செலவழிக்கும் முன் அறை டியூப் லைட்டை அணைத்து ஒரு சின்ன விளக்கு போடுங்கள், காலையில் பத்து நிமிஷம் வெயிலில் நில்லுங்கள். மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் 20 நிமிஷம் படுப்பது எனக்கு நன்றாக வேலை செய்கிறது. அரை மணியைத் தாண்டினால் எழும்போது தலை பாறையாக இருக்கும், பேசாமல் காபி குடித்துக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

எப்படியும் தப்பிக்க முடியாத ராத்திரிகளும் உண்டு. நாளை காலை டெலிவரி என்றால் டெலிவரிதான். அன்றைக்கு சாயங்காலமே ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து உட்காருங்கள், மணிக்கு ஒரு தடவை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள், நடுவில் புது முடிவு எதுவும் எடுக்காமல் பட்டியலில் உள்ளதை மட்டும் முடியுங்கள். காலையில் பைக்கை எடுக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். இதில் மட்டும் விளையாட வேண்டாம்.

உங்கள் குரலையே நீங்கள் பாடிப் பதிவு செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். எழுந்தவுடன் குரல் கனமாக, ஒரு சுரம் கீழே உட்கார்ந்திருக்கும், படுத்திருக்கையில் குரல்நாண் லேசாக வீங்கியிருப்பதால். அதனால் காலை எழுந்ததும் பாடாதீர்கள், ராத்திரி 2 மணிக்கு ஏசி அறையில் தொண்டை காய்ந்தும் பாடாதீர்கள். சனிக்கிழமை மாலை நான்கு, ஐந்து மணி போல வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாமல் இருந்தால்.

நான் சொன்னது எதுவும், படுத்தும் தூக்கமே வராதவருக்குப் பொருந்தாது. நேரத்துக்குப் படுத்தும் வாரத்தில் மூன்று நாள் நாலு நாள் மணிக்கணக்கில் புரள்கிறீர்கள், மாதக்கணக்காக அப்படித்தான் என்றால், அல்லது பக்கத்தில் படுப்பவர் ‘நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, பயங்கரக் குறட்டை’ என்று சொன்னால், அது பழக்கத்தின் விஷயம் இல்லை, டாக்டரிடம் போக வேண்டியது. நானே எட்டு மாதம் குறட்டையை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு பிறகுதான் போனேன். மெலடோனின் மாத்திரை, யாரோ சொன்ன தூக்க மாத்திரை எதையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி எதுவரைக்கும் செய்தீர்களோ அதை 12 மணிக்கு அப்படியே பவுன்ஸ் செய்து (ஒரே ஆடியோ ஃபைலாக்கி) போனுக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள். நாளை காலை ஆபீஸ் பஸ்ஸில், திருத்த எதுவும் கையில் இல்லாமல், ஒரே ஒரு தடவை கேளுங்கள். கிக் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் உங்களுக்கே அலுத்து ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, முடிந்தால் கீழே எழுதுங்கள். ஃபைலை அனுப்பினாலும் கேட்கிறேன், ஆனால் காலையில்.